ஞாயிறு பூசையும் திங்கட்கிழமை மில்லும்

பரலோகத்தை நோக்கிப் பழி கேட்டு ஓலமிடும் பாவங்கள் நான்கு என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தோம். ஒப்பிக்கும்போது முதலாவதான கொலைபாதகத்துக்குக் குரல் உயரும். கடைசி இரண்டுக்கு வரும்போது தணிந்துவிடும். எளியோரை ஒடுக்குவது ஒன்று, வேலை செய்தவருக்குரிய கூலியை வஞ்சிப்பது மற்றொன்று. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில் பூசை தவறியதையும் கோபப்பட்டதையும் நினைக்கிறோம். இந்த இரண்டையும் நினைக்கிறவர்கள் எத்தனை பேர்?

நம் திண்டுக்கல் சீமையில் இவை ஏட்டுப் பாவங்கள் அல்ல. வேடசந்தூர்ப் பக்கத்துச் சாலைகளில், விடியுமுன்னே மில் வண்டிகள் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதை நீர் கண்டிருப்பீர். மேற்கு மாவட்டங்களின் நூல் மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததும் உமக்குத் தெரியும். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை கிடைக்கும் என்பார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகள் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. அழகான பெயர்தான் வைத்தார்கள்!

2021 ஜனவரியில் நம் மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த ஓர் ஏழை தலித் பெண் கொலையுண்டு கிடந்தாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அதன் பிறகே, அங்கு மற்றப் பெண்கள் நெடுநாளாய் வாய்மூடிச் சகித்த வசைகளும் தொல்லைகளும் வெளிவந்தன. சொன்னால் வேலை போகும். வீட்டில் தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவே அவர்கள் இருந்தார்கள்.

பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் இதை விடவில்லை. 2022 ஏப்ரலில் சங்கமும் ஆலை நிர்வாகமும் அந்நிய நாட்டுத் துணி வியாபாரக் கம்பெனியும் கையெழுத்திட்ட ஏற்பாட்டை உலகம் இன்று ‘திண்டுக்கல் உடன்படிக்கை’ என்றே அழைக்கிறது. தொழிலாளிப் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தெரிந்து, பயிற்சி கொடுத்து, தளத்திலேயே நிறுத்தினார்கள். பெண் என்பதற்காகவோ சாதிக்காகவோ ஒருவரை இழிவாய் நடத்தினால் புகார் சொல்லலாம், சொன்னவரைப் பழிவாங்கலாகாது. முதல் வருஷத்தில் வந்த 185 புகார்களில் 182 தீர்ந்தன என்று கணக்கு வெளியானது. வாயடைத்திருந்தவர்கள் வாய் திறந்ததே பெரிய காரியம் என்பேன்.

“இது சங்க விவகாரம், கோவில் பத்திரிகைக்கு என்ன வேலை?” என்பீரோ? 1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளர் நிலைமையைப் பற்றி உலகத்துக்கே நிருபம் எழுதினார். தொழிலாளி அடிமையல்ல என்றும், இருவரும் சம்மதித்த கூலி என்பதாலேயே அது நீதியாகிவிடாது என்றும் அதில் கற்பித்தார். 2025 மே மாதம் தெரிந்துகொள்ளப்பட்ட 14-ம் சிங்கராயர், லியோ என்று நாம் கேள்விப்படுகிறவர், அந்த நிருபத்தை முன்னிட்டே இந்தப் பெயரை எடுத்ததாக இரண்டே நாளில் கர்தினால்மாருக்குச் சொன்னார். நம் மேற்றிராசனம் 2003-ல் ஏற்பட்டபோது அதன் தலைமைக் கோவிலானது தச்சரான சூசையப்பர் கோவில். மே முதல் தேதியைத் தொழிலாளர் சூசையப்பர் திருநாளாக 1955-ல் ஏற்படுத்தியவர் 12-ம் பத்திநாதர்.

நம் கோவில் பெஞ்சில் சூப்பர்வைசரும் இருக்கிறார், மில்லுக்கு ஆள் சேர்த்துவிடும் ஏஜெண்டும் இருக்கிறார். நற்கருணை வாங்கிய அதே வாயால் திங்கட்கிழமை தறியருகே நிற்கும் பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர், ஐயா? ஆர்டர் தேதி நெருங்குகிறது, முதலாளி நெருக்குகிறார் என்பது மெய்தான். நெருக்கடியை எளியவள்மேல் இறக்கிவைக்க அது உத்தரவல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் வந்து ஏதேனும் சொன்னால் “நீ என்ன செய்தாய்?” என்று முதலில் கேட்காதேயும். பத்துப் பேருக்குக் குறையாத எந்த வேலையிடத்திலும் பெண்களின் புகாரைக் கேட்க உள்விசாரணைக் கமிட்டி இருக்கவேண்டும், அது அமைந்த உத்தரவைக் கண்ணில் படும்படி ஒட்டிவைக்கவேண்டும் என்பது 2013-ம் வருஷத்துச் சட்டம். உம் மகளின் மில்லில் அந்தத் தாள் எந்தச் சுவரில் இருக்கிறது என்று இன்று மாலை அவளிடம் விசாரியும்.