புறநகர் ஒன்றின் குடித்தொகை: நியூ ஜேர்சியின் எடிசன் டவுன்ஷிப்

குடித்தொகை அட்டவணை ஒன்றைக் கொடுத்து "இம்மாற்றத்துக்கான காரணங்களை விளக்குக" எனக் கேட்டால், மாணவர்களில் பாதிப்பேர் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. "பிறப்பு வீதம் அதிகரித்தமை, இறப்பு வீதம் குறைந்தமை, மருத்துவ வசதி" என்று மனனம் செய்ததை அப்படியே எழுதிவிடுவார்கள். எனது வகுப்பில் கீழுள்ள அட்டவணையைக் கொடுத்தபோதும் அதுதான் நடந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட முழுப் புள்ளியையும் இழந்தனர். ஆகவே ஒரேயோர் இடத்தை எடுத்து ஆறுதலாகப் பார்ப்போம்.

அமைவிடம்

எடிசன், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மிடில்செக்ஸ் கவுண்டியில் உள்ளது. நியூ யோர்க்கின் மன்ஹாட்டன் பகுதிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம். வட அகலக்கோடு 40° இற்கும் 41° இற்கும் இடையில் அமைவதால் நான்கு பருவங்களும் தெளிவாக உணரப்படும். தெற்கு எல்லையை ஒட்டி ரரிற்றன் ஆறு ஓடுகிறது. ஆற்றோரம் தாழ்ந்த சதுப்பு நிலம். வடக்கிலும் 600 ஏக்கருக்கு மேற்பட்ட ஈரநிலம் ஒன்று உண்டு. அதனை அயலிலுள்ள உள்ளூராட்சிப் பகுதிகளும் பங்கிட்டுக் கொள்கின்றன. கடைசிப் பனிக்கட்டிக் காலத்தில் பனிக்கட்டி நகர்ந்துவந்து நின்ற தென் எல்லை இப்பகுதியினூடாகவே சென்றது. அது கொட்டிவிட்டுப் போன மண்ணும் கல்லும் இன்றும் சிறு மேடுகளாகக் காணப்படுகின்றன.

"டவுன்ஷிப்" என்றவுடன் "சிறு நகரம்" என எழுதிவிடக் கூடாது. நியூ ஜேர்சியில் அது ஓர் உள்ளூராட்சி அலகின் பெயர். சிற்றி, டவுன், பரோ, வில்லேஜ், டவுன்ஷிப் என ஐந்து வகை அலகுகள் அங்குள்ளன, எல்லாமாக 564. ஓர் இலட்சம் பேர் வாழும் எடிசனும் டவுன்ஷிப்தான், சில ஆயிரம் பேர் வாழும் கிராமப்புறமும் டவுன்ஷிப்தான். ஆகவே பெயரைக் கொண்டு அளவை ஊகிக்க முடியாது.

இந்த அலகு 1870 இல் ரரிற்றன் டவுன்ஷிப் என்ற பெயருடன் உருவானது. 1900 இல் அதன் நடுப்பகுதி மெற்றச்சன் என்ற தனிப் பரோவாகப் பிரிந்தது. இன்றும் மெற்றச்சனை எடிசன் நாற்புறமும் சூழ்ந்துள்ளது. வரைபடத்தில் பார்த்தால் நடுவில் ஓட்டையுள்ள உளுந்து வடைதான்! அதே மாநிலத்தில் ரரிற்றன் என்ற பெயரில் இன்னொரு டவுன்ஷிப்பும் உண்டு. 1954 இல் எடிசன் என்ற பெயர் சூட்டப்பட்டது. தோமஸ் அல்வா எடிசன் 1876 இல் ஆய்வுகூடம் அமைத்த மென்லோ பார்க் இதற்குள்ளேயே இருக்கிறது. 1877 இல் ஒலிப்பதிவுக் கருவியும் 1879 இல் மின்குமிழும் அங்கிருந்தே வந்தன.

அட்டவணையை நோக்குக

ஆண்டு – குடித்தொகை – பத்தாண்டு வளர்ச்சி
1950 – 16,348
1960 – 44,799 – 174.0%
1970 – 67,120 – 49.8%
1980 – 70,193 – 4.6%
1990 – 88,680 – 26.3%
2000 – 97,687 – 10.2%
2010 – 99,967 – 2.3%
2020 – 107,588 – 7.6%

முதல் வரியையே எடுங்கள். பத்து ஆண்டுகளில் 16 ஆயிரம் 44 ஆயிரமாகியது. பிறப்பினால் மட்டும் இது நடக்குமா? ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறப்பு வீதம் உயர்ந்தது உண்மைதான். ஆனால் இங்கு முதற் காரணம் இடப்பெயர்வு. போரிலிருந்து திரும்பிய படையினருக்கு 1944 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடன் வசதி கொடுத்தது. மோட்டார் வாகனம் சாதாரண குடும்பத்தின் கைக்கு வந்தது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடெங்கும் பெருந்தெருக்கள் அமைக்கப்பட்டன. நகரில் இட நெருக்கடி (தள்ளு காரணி), புறநகரில் தோட்டத்துடன் தனி வீடு (இழு காரணி). 1948 இல் இங்கேயே ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது.

அடுத்து 1970–1980. வளர்ச்சி திடீரென 4.6 வீதமாக விழுந்துவிட்டது. 1946 முதல் 1964 வரையான பிறப்புப் பெருக்கம் முடிந்து, அமெரிக்கக் குடும்பங்கள் சிறுத்துக்கொண்டிருந்த காலம் இது. பிறப்பு வீதத்தைப் பற்றி எழுத வேண்டிய இடம் இதுவே. அதற்கு அடுத்த பத்தாண்டில் வளர்ச்சி மீண்டும் 26.3 வீதமாகியது. இங்கே இன்னோர் அலை தொடங்கியிருந்தது. 1965 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், நாட்டுக்கு நாடு ஒதுக்கப்பட்டிருந்த பழைய பங்கீட்டு முறையை நீக்கியது. அதன்பின் ஆசியாவிலிருந்து, குறிப்பாக இந்தியாவிலிருந்து, பொறியியலாளரும் வைத்தியரும் பின்னர் கணினித் துறையினரும் வந்தனர். நியூ யோர்க்குக்கு நேரடி இரயில் இருந்ததும், பல்கலைக்கழகமும் மருந்துக் கம்பனிகளும் அருகில் இருந்ததும் அவர்களை ஈர்த்தன. முதலில் வந்தவரை நம்பி உறவினர் வந்தனர். இதுவே சங்கிலி இடப்பெயர்வு எனப்படும். ஓக் ட்ரீ வீதியில் இந்தியக் கடைகள் பெருகின. 2000 இல் குடித்தொகையில் 17.75 வீதமாக இருந்த இந்திய வம்சாவளியினர் 2010 இல் 28.3 வீதமாகினர். அந்தப் பத்தாண்டில் மொத்த வளர்ச்சி 2.3 வீதம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். தொகை ஏறக்குறைய அசையவில்லை, ஆனால் அதன் கட்டமைப்பு மாறிவிட்டது. மொத்தத் தொகையை மட்டும் பார்க்கும் மாணவர் இதைத் தவறவிடுவார்.

ஃபோர்ட் தொழிற்சாலை 2004 இல் மூடப்பட்டது. ஆயினும் குடித்தொகை குறையவில்லை. காரணம், புறநகரில் வசிப்போர் பலர் வேலைக்கு வெளியே போய்வருபவர்கள். ஒரு தொழிற்சாலையை நம்பி மட்டும் அவ்வூர் இருக்கவில்லை.

அடர்த்தி பற்றி ஓர் எச்சரிக்கை

நிலப்பரப்பு ஏறத்தாழ 78 சதுர கிலோமீற்றர். 107,588 ஐ 78 ஆல் பிரித்தால் ஒரு சதுர கிலோமீற்றருக்குச் சுமார் 1,380 பேர். கணிப்பு சரி. ஆனால் எல்லா இடத்திலும் 1,380 பேர் இல்லை. ஆற்றோரத்தில் 1917 முதல் 1963 வரை இராணுவ ஆயுதக் களஞ்சியம் இருந்தது. அதன் பெரும்பகுதி இன்று பண்டசாலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த இடம், குடியிருப்பாளர் இல்லை. அதற்காக 10 சதுர கிலோமீற்றரை மட்டும் கழித்தாலும் மிகுதி நிலத்தின் அடர்த்தி சுமார் 1,580 ஆகிவிடும். "சராசரி அடர்த்தி" என்று எழுதுங்கள்; "சராசரி" என்ற சொல்லை விடாதீர்கள்.

பயிற்சி

(1) 1980–1990, 2000–2010 ஆகிய இரு பத்தாண்டுகளையும் ஒப்பிட்டு, குடித்தொகைத் தொகை மாற்றத்துக்கும் கட்டமைப்பு மாற்றத்துக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குக. (6 புள்ளிகள்)

(2) மெற்றச்சன் 1900 இல் பிரியாதிருந்தால் எடிசனின் எந்தெந்தப் புள்ளிவிபரங்கள் மாறியிருக்கும்? மூன்றைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)

குறிப்பு: இரண்டாம் வினாவுக்குக் குடித்தொகையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பரப்பளவும் மாறும், அடர்த்தியும் மாறும்.