பேட்டியின் நடுவே பேனா

ஆய்வுக்காக ஒருவரை நேரில் பேட்டி காணும்போது அவர் சொல்வதையெல்லாம் எழுதிவிட முடியாது. சுருக்கெழுத்து தெரியாத கை பேச்சின் வேகத்துக்கு ஓடாது. எதை எழுதுவது, எதை விடுவது என்று அந்த நொடியிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் பிடிக்க வேண்டியது பேசுபவரின் சொந்தச் சொற்கள். "பத்தாம் தேதிக்கு மேல கடைப் பக்கமே போறதில்லீங்க" என்று ஒருவர் சொன்னதைப் "பணத் தட்டுப்பாடு" என்று குறித்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது தேதியும் இருக்காது, கடையும் இருக்காது. எழுதியவரின் முடிவு மட்டுமே மிஞ்சும். அதனால் சொன்னதை மேற்கோள் குறிக்குள்ளும், கேட்டவருக்குத் தோன்றியதை ஓரத்தில் கோடு போட்டுப் பிரித்த இடத்திலும் எழுதுவது வழக்கம். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

ஒலிப்பதிவு செய்தாலும் குறிப்பு வேண்டும். ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டுக் கையால் எழுத்தாக்கப் பொதுவாக நான்கு மணி நேரமாவது பிடிக்கும். ஓரத்தில் நேரம் குறித்திருந்தால் வேண்டிய இடத்தை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். மருமகள் உள்ளே வந்ததும் மாமியார் தலை குனிந்துகொண்டது எந்தப் பதிவிலும் ஏறாது. கருவியை அணைத்த பிறகு வாசலில் நின்று சொல்வதும் அப்படித்தான். பல பேட்டிகளில் விஷயமே அங்கேதான் இருக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தலாமா என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும்.

எதிரே இருப்பவர் பேனாவைக் கவனித்துக்கொண்டே இருப்பார். ஒரு பதிலுக்கு மட்டும் அது விறுவிறுவென ஓடினால், அதேபோன்ற பதில்களையே அடுத்தடுத்துத் தருவார். துக்கமோ கடனோ பேச்சில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஓரிரு சொற்களை மட்டும் பிறகு குறித்துக்கொள்வது நல்லது. அந்தச் சொற்களை அன்றிரவே விரித்து எழுத வேண்டும். நடுவில் இன்னொரு பேட்டி வந்துவிட்டால் இரண்டு குரல்களும் ஒன்றாகிவிடும்.

எழுதிய குறிப்புகளைப் பாதுகாக்கவும் வேண்டும். மைசூர்ப் பகுதியின் ராம்புரா கிராமத்தில் 1948இல் களப்பணி செய்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ், ஆண்டுக்கணக்கில் பகுத்துவைத்த குறிப்புகளின் மூன்று படிகளையும் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் இழந்தார். பெரும்பாலும் நினைவிலிருந்து அவர் எழுதிய 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' என்ற நூல் 1976இல் வெளிவந்தது. அத்தனை காலம் குறிப்புகளோடு உழன்றவருக்கே அது சாத்தியம். மூன்று படிகளும் ஒரே அறையில் இருந்தன. அதனால் குறிப்புகளின் ஒரு படியாவது வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ இருக்க வேண்டும். பேசியவர்களின் பெயர்ப் பட்டியல் குறிப்புகளோடு சேராமல் தனியே பூட்டியிருக்க வேண்டும்.