முதலில் தராசில் வை, அம்மிணி

போன மாசம் ஊருக்கு வந்தபோது உன் காலேஜ் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 4 கிலோ 300 கிராம் காட்டியது. இரண்டு ரெக்கார்டு நோட்டு, டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், குடை, போதாததற்கு அம்மா திணித்த நாலு கொய்யாக்காய். இன்னும் லேப்டாப்பே உள்ளே போகவில்லை. காலை பஸ்ஸில் அவினாசியில் ஏறுகிறவளுக்கு கருமத்தம்பட்டி தாண்டியும் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஹோப் காலேஜ் வரை நின்றுகொண்டே போகிற பிள்ளை நீ. அப்பா 45 ஆயிரம் தருகிறேன் என்று சொன்ன அன்றைக்கே, "அக்கா, எந்த பிராசசர் நல்லது?" என்று மெசேஜ் போட்டிருந்தாய். அதைக் கடைசியில் கேள். முதல் கேள்வி, "எத்தனை கிலோ?"

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா லேப்டாப் திட்டத்தில் எனக்கும் பிளஸ் டூவில் ஒன்று கிடைத்தது. அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது, 2 ஜிபி ரேம். நம் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர். அதைக் குறை சொன்னால் என் வாய்க்குத்தான் நல்லதில்லை. ஆனால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று வருஷம் திருப்பூருக்குப் போய்வந்ததில் எடை என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. கடைசி வருஷம் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு பென் டிரைவை மட்டும் எடுத்துப் போனேன். தூக்கிப் போக முடியாத லேப்டாப் வீட்டு அலமாரிக்கு வாங்கிய லேப்டாப்தான்.

அந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் லேப்டாப் அல்லது டேப் கொடுப்பதாக அறிவித்தார்கள். உன் காலேஜ் தனியார். உன் தோழிகளில் அரசு காலேஜில் படிப்பவர்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முன் காலேஜ் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.

சரி, எடை. கடைகளில் அதிகம் அடுக்கியிருப்பது 15.6 அங்குலம். சுமார் 1.6 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை இருக்கும். 14 அங்குலம் என்றால் 1.3 முதல் 1.5. வித்தியாசம் முந்நூறு கிராம்தானே என்று கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். நீலாம்பூர் வருவதற்குள் அந்த முந்நூறு கிராம் தோள்பட்டையில் பேச ஆரம்பித்துவிடும். உனக்கு 14 அங்குலம், 1.5 கிலோவுக்குள். இந்த ஒரு கோட்டை மட்டும் தாண்டாதே. காந்திபுரம், கிராஸ்கட் ரோடு பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும், "ஏனுங்ண்ணா, ஒருக்கா தூக்கிப் பாத்துக்கறனுங்க" என்று கேட்டு ஒரு கையால், ஓரத்தைப் பிடித்துத் தூக்கு. அப்படித் தூக்கும்போது உடம்பு வளைந்து நொறுநொறுவென்று சத்தம் கேட்டால் அப்படியே கீழே வைத்துவிடு.

சார்ஜரையும் சேர்த்து எடை போடு. இதை யாரும் செய்வதில்லை. செங்கல் மாதிரி ஒரு அடாப்டர், அதற்குத் தடித்த ஒயர், எல்லாம் சேர்ந்து 300, 400 கிராம் இழுத்துவிடும். யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறுகிற லேப்டாப் என்றால், 65 வாட் சின்ன சார்ஜர் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும். ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதில் சார்ஜ் ஏறும் என்று நம்பிவிடாதே. சிலதில் அது டேட்டாவுக்கு மட்டும்தான். கடையிலேயே சொருகிக் காட்டச் சொல்.

அடுத்தது பேட்டரி. பெட்டியில் "10 மணி நேரம்" என்று போட்டிருப்பதெல்லாம் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, ஒரே வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். நீ பார்க்க வேண்டியது வாட்-ஹவர் என்கிற எண்ணை. பிரவுசர், எக்ஸெல், வாட்ஸ்அப் என்று சாதாரணமாக வேலை செய்தால் மணிக்கு 8 முதல் 10 வாட்-ஹவர் வரை செலவாகும் என்று வைத்துக்கொள். 42 வாட்-ஹவர் பேட்டரி நாலு மணி நேரம், கொஞ்சம் எச்சா வரும். 55, 60 இருந்தால் ஆறு மணி நேரத்தை எட்டும். நம் ஊரில் இதைச் சோதிக்கத் தனியாக லேப் வேண்டாம், மாதாந்திர மின்தடை நாள் போதும். காலை 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம் 4 மணிக்கோ 5 மணிக்கோதான் வரும் என்று பேப்பரில் போடுகிறார்களே, அன்றைக்கு மத்தியானம் வரைக்குமாவது அசைன்மென்ட் ஓட வேண்டும். 50 வாட்-ஹவருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்.

திரையில் இரண்டே விஷயம். ஐபிஎஸ் பேனல், 1920க்கு 1080 அல்லது 1920க்கு 1200. இரண்டாவது கொஞ்சம் உயரமான திரை. எக்ஸெலில் நாலைந்து வரிசை எச்சாகத் தெரியும், பி.காம் படிக்கிறவளுக்கு அது பெரிய விஷயம். ஐபிஎஸ்தானா என்று கண்டுபிடிக்க வழி சுளுவு. மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பார், பக்கவாட்டில் நின்று பார். முகம் நெகட்டிவ் பிலிம் மாதிரி மாறினால் அது பழைய டைப் பேனல், வேண்டாம். வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தால் ஜன்னலோரத்திலும் படிக்கலாம். இந்த விலையில் 250தான் சகஜம், அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது நீ கேட்ட பிராசசர். அப்பா போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போனபோது நீயும் கூடப் போனாய்தானே? ஹெச்பி எத்தனை என்று கேட்டதோடு அவர் நிறுத்தினாரா? "காப்பர் வைண்டிங்கா, அலுமினியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலைக்கே வந்தார். கோயம்புத்தூர் மோட்டார் வாங்குகிற எந்த விவசாயியும் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஏமாறமாட்டார். லேப்டாப் கடையில் மட்டும் நாம் "ரைசன் 5ங்களா, ஐ5ங்களா" என்பதோடு நின்றுவிடுகிறோம். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் 2023இல் ஏறக்குறைய ஒரே வரிசையாகக் கடைக்கு வந்தவை. பெயரில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் அந்த நாலு இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் வைண்டிங். அது 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3. முன்னதில் 4 கோர், பின்னதில் 6. ஸ்டிக்கரில் இரண்டுக்கும் "ரைசன் 5" என்றுதான் ஒட்டியிருக்கும்.

இன்டெல் பக்கம் கடைசி எழுத்தைப் பார். யூ என்றால் பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிக்கும். ஹெச் என்றால் வேகம் அதிகம், தீனியும் அதிகம். பஸ்ஸில் தூக்கிப் போகிறவளுக்கு யூ. டேலியும் எக்ஸெலும் பத்து பிரவுசர் டேபும்தான் உன் உலகம் என்றால் ஐ3 1215யூவே போதும். ஐ5 1235யூ கைக்கு எட்டினால் சந்தோஷம். மாமா பையன் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறானே, அவனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சாலிட்வொர்க்ஸ் ஓட்டுகிறவன் எடையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவன் மேக்புக் ஆசையையும் விடட்டும், சாலிட்வொர்க்ஸ் மேக்கில் வராது. டேலியும் அப்படித்தான், அதனால் உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

தொடவே கூடாத ஒன்று உண்டு. 20 ஆயிரம் சொச்சத்துக்குப் புதுசாக, மெலிசாக, அழகாக இருக்கும். உள்ளே செலரான் இருக்கும், அல்லது அந்தப் பெயரை எடுத்துவிட்டு "இன்டெல் பிராசசர்" என்று மொட்டையாகப் போட்டிருக்கும். சேமிப்பு 64 ஜிபி இஎம்எம்சி. எடை என்னவோ ஒரு கிலோ சொச்சம்தான். என் ஆபீஸில் ஒரு பிள்ளை இப்படி வாங்கினாள். விண்டோஸ் அப்டேட் வந்ததும் அதை வைக்கவே உள்ளே இடமில்லை. சேமிப்பு எஸ்எஸ்டியாக, 512 ஜிபியாக இருக்கட்டும்.

ரேமில் மட்டும் நான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். "இப்போது 8 ஜிபி வாங்கு, அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்" என்பதுதான் என் பழைய பாட்டு. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அது மட்டுமில்லை, எடை குறைந்த லேப்டாப்களில் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், பிறகு ஏற்றவே முடியாது. 16 ஜிபி கிடைத்தால் அதையே எடு. 8 ஜிபிதான் முடியும் என்றால், காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடு.

இத்தனையும் 45 ஆயிரத்துக்குள் புதுசாகக் கிடைக்குமா? மெமரி விலை ஏறியபின் இழுத்துப் பிடித்தால்தான் உண்டு. அதனால்தான் செகண்ட்ஸைப் பற்றி விரிவாகச் சொல்லப்போகிறேன். அம்மாவுக்குப் பிடிக்காது, தெரியும். ஐடி கம்பெனிகளில் மூன்று நாலு வருஷம் ஓடி, மொத்தமாக வெளியே வருகிற பிசினஸ் லேப்டாப்கள் இவை. லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக் என்று ரீஃபர்பிஷ்டு கடைகளில் அடுக்கியிருக்கும். புதுசாக இருந்தபோது விலை உன் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கீபோர்டும் கீலும் உடம்பும் அந்த விலைக்குச் செய்தவை. லாட்டிட்யூட் 7490 சுமார் 1.4 கிலோ, எலைட்புக் 840 ஜி5 ஒன்றரை கிலோவுக்குள். திங்க்பேட் டி480 கொஞ்சம் கனம், ஆனால் வெளிப் பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாட்டலாம், ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு.

இதில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதாவது ஐ5 8250யூ மாதிரி குறைந்தது 8இல் தொடங்க வேண்டும். 7200யூ, 6300யூ என்று இருந்தால் கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. அதில் விண்டோஸ் 11 ஓடுகிறதே என்று காட்டினால், குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

பேட்டரிக்கு விண்டோஸே ஒரு ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கும். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல், அல்லது அந்தப் பணத்தை விலையில் கழி. பிறகு ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய்ப் பார். என் தோழி ஒருத்தி வாங்கியதில் பழைய கம்பெனியின் பாஸ்வேர்ட் அப்படியே இருந்தது. கடைக்காரர் "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார். ஆறு மாசம் கழித்து எஸ்எஸ்டி மாற்றப் போனபோது பூட்டிக்கொண்டது, திறக்கவே முடியவில்லை. ஒவ்வொரு கீயையும் அடித்துப் பார், ஒவ்வொரு போர்ட்டிலும் பென் டிரைவைச் சொருகிப் பார். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, கூச்சப்படாதே. சில பழையதில் 1366க்கு 768 திரைதான் இருக்கும், அதை எடுக்காதே.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதே. பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் லேப்டாப்பின் அடியில் இருப்பதும் ஒன்றா என்று அங்கேயே பார்த்துவிடு. விலை குறைவாக இருக்கிறதே என்று விண்டோஸ் இல்லாத டாஸ் மெஷின் எடுத்தால் விண்டோஸுக்குத் தனியாகக் காசு. கடைக்காரர் "நான் போட்டுத் தரேனுங்க" என்பது திருட்டு விண்டோஸ்தான். எம்எஸ் ஆபீஸ் ஆயுள் முழுக்கவா, ஒரு வருஷத்துக்கு மட்டுமா என்று கேள். உன் காலேஜ் மெயிலிலேயே இலவசமாக வரலாம், அதையும் விசாரி. வட்டியில்லா இஎம்ஐ என்பார்கள். பிராசசிங் ஃபீஸ் உண்டு, விலைக்குள் மறைந்திருக்கிற வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அப்பா ரொக்கமாகத் தருகிறார், ரொக்கமாகவே வாங்கு.

வாங்கிய பிறகு ஒன்று, இது நம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும். திருப்பூரில் என் ஆபீஸ் கட்டிங் செக்‌ஷனுக்கு மேல் மாடியில் இருக்கிறது. பனியன் பஞ்சு எங்கே போகுமோ, லேப்டாப் ஃபேனுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சூடாகும், வேகம் குறையும், "பிராசசர் போச்சு" என்று சர்வீஸ்காரர் சொல்வார். வருஷத்துக்கு ஒருமுறை பின்மூடியைத் திறந்து சுத்தம் செய்தாலே போதும். நீ சனிக்கிழமை சித்தப்பா கம்பெனிக்குக் கணக்கெழுதப் போகிறாய் இல்லையா, அங்கே மெத்தை மேலும் துணிக்கட்டு மேலும் அதை வைக்காதே.

என் கையில் அந்த 45 ஆயிரம் இருந்தால் என்ன செய்வேன்? ஐ5 எட்டாம் தலைமுறைக்கு மேல், பத்து அல்லது பதினொன்று கிடைத்தால் இன்னும் நல்லது, 16 ஜிபி ரேம், ஒன்றரை கிலோவுக்குள் ஒரு லாட்டிட்யூடோ எலைட்புக்கோ, ஒரு வருஷ கடை வாரன்டியோடு எடுப்பேன். புது பேட்டரிக்கும் சின்ன சார்ஜருக்கும் கொஞ்சம் ஒதுக்குவேன். மிச்சத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். புதுசுதான் வேண்டும் என்று நீ அடம்பிடித்தால் அதுவும் சரி, மேலே சொன்ன 1.5 கிலோ, 50 வாட்-ஹவர், ஐபிஎஸ் மூன்றையும் விடாதே.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் காந்திபுரத்தில் இருப்பேன். காலையில் பத்தரைக்கு டவுன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்துவிடு. வீட்டில் அப்புச்சி காய் நிறுக்கிற அந்தக் கொக்கித் தராசை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு வா.