ஒரு கணினி, இரு செயலிகள்

ஒரு கணினியில் இரண்டு செயலிகளைப் பொருத்தினால் அது இருமடங்கு வேகமாக இயங்குமா? ஒரு வேலையை ஒரு செயலி 10 மணி நேரத்தில் முடிப்பதாகக் கொள்வோம். அதில் 9 மணி நேர வேலையை மட்டுமே பிரித்துச் செய்ய முடியும் என்றால், இரு செயலிகள் சேர்ந்தாலும் ஐந்தரை மணி நேரம் ஆகும். எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும், பிரிக்க முடியாத அந்த 1 மணி நேரம் குறையாது. இந்த வரம்பைக் கணினி வல்லுநர் ஜீன் அம்டால் 1967ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார்.

எனவே, வேலையின் தன்மையை அறிந்த பின்னரே பாகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக் கணினிகளுக்கான சாதாரணச் செயலிகள் இதற்குப் பயன்படா. இணைந்து இயங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட, ஒரே வகைச் செயலிகளையும் அவற்றுக்கேற்ற தாய்ப்பலகையையும் வாங்க வேண்டும். நினைவகத்தை இரு செயலிகளுக்கும் சமமாகப் பிரித்துப் பொருத்த வேண்டும். ஒரு செயலியின் பக்கம் மட்டும் பொருத்தினால், மற்றொன்று அதன் வழியாகவே தரவைப் பெற நேரும், வேகம் குறையும்.

இரவு பகலாக இயங்கும் சேவையகத்திற்குப் பிழைதிருத்தும் நினைவகம் தேவை. நினைவகத்தில் ஒரு 0 தவறுதலாக 1 ஆனால், ஒருவரின் வங்கிக் கணக்கில் உள்ள தொகையே மாறிவிடக்கூடும். ஓர் இலக்கத்தில் நேரும் அத்தகைய பிழையை இந்நினைவகம் தானே திருத்திவிடும். மின்வழங்கியையும் கவனிக்க வேண்டும். ஒரு செயலிக்கு 150 வாட் என்றால், இரண்டுக்கு மட்டுமே 300 வாட் தேவைப்படும். அதனால் எழும் வெப்பத்தைத் தணிக்க நல்ல விசிறிகளும் வேண்டும்.

பிரித்துச் செய்ய முடியாத வேலைக்கு விரைவான ஒரு செயலியே போதும். மிஞ்சும் பணத்தில் நினைவகத்தை அதிகரிக்கலாம்.