இளங்கலை முடியும் முன்பே முதுகலையா?

கேள்வி: சேலத்தில் பி.ஏ. இறுதியாண்டு படிக்கிறேன். ஒரு பேப்பர் அரியர் இருக்கிறது. அதை எழுதிக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேரலாமா? இப்போது இரண்டு பட்டம் சேர்ந்தே படிக்கலாம் என்கிறார்களே?
– ஒரு வாசகி, மாரமங்கலம், ஏற்காடு

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்க 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதி அளித்தது. இரண்டையும் நேரடியாகக் கல்லூரியில் படித்தால் வகுப்பு நேரம் மோதக் கூடாது. ஒன்றை நேரடியாகவும் மற்றதைத் தொலைநிலையிலும் படிக்கலாம். ஆனால் இரண்டாவது படிப்புக்கான தகுதி உங்களிடம் இருக்க வேண்டும். எம்.ஏ.வுக்கான அடிப்படைத் தகுதியே இளங்கலைத் தேர்ச்சிதான். அந்த விதியை யுஜிசி தளர்த்தவில்லை.

இறுதியாண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கவும், முடிவுக்குக் காத்திருப்போர் தற்காலிகமாகச் சேரவும் பல பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. ஆனால் குறித்த தேதிக்குள் புரொவிஷனல் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் காட்டியாக வேண்டும். அதற்குள் அரியர் முடியாவிட்டால் சேர்க்கை ரத்தாகும். கட்டிய பணமும் சிக்கிக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் அரியரை முடியுங்கள். ஒரு வருடம் வீணாகுமே என்ற கவலை வேண்டாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) ஜூலை, ஜனவரி என ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை உண்டு. ஜூலையை விட்டால் ஜனவரி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் தந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரசு வேலை குறிக்கோள் என்றால், அந்தத் தேர்வு அறிவிப்பில் உள்ள கல்வித் தகுதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.