வெளிச்சத்தால் வோல்டேஜ் ஏறுமா?

கேள்வி: பழுதான மொபைல் சார்ஜரைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நான்கு கால்களோடு சின்னக் கறுப்பு ஐ.சி. ஒன்று இருந்தது. அதற்குள் எல்இடி இருக்கிறது என்கிறார் ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர். 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்குவது அந்த வெளிச்சம்தானா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: இல்லை. அந்த வேலை, பக்கத்தில் மஞ்சள் டேப் சுற்றியிருக்கும் ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருடையது. நீங்கள் பார்த்தது ஆப்டோகப்ளர். அநேகமாக பிசி 817. போனுக்கு 5 வோல்ட் சரியாகப் போகிறதா என்ற தகவலை மெயின்ஸ் பக்கத்துக்கு ஒளியாக அனுப்புவதோடு அதன் கடமை முடிந்தது.

ஆனாலும் உங்கள் ஊகத்தில் விஷயம் இருக்கிறது. ஒளியால் வோல்டேஜை ஏற்றும் சில்லுகளும் உண்டு. டோஷிபாவின் டிஎல்பி 191பி அப்படி ஒன்று. அதன் எல்இடிக்கு ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்தால் போதும். எதிரே மிகச் சிறிய சிலிக்கன் சோலார் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் அரை வோல்ட் அளவில் தர, மொத்தம் 7 வோல்ட்டைத் தாண்டும். செல்களைக் கூட்டினால் வோல்டேஜும் கூடும். டிரான்ஸ்ஃபார்மரில் டிசி ஏறாது. காயிலைச் சில்லுக்குள் அடக்குவதும் பெரும்பாடு. இங்கே அந்த இரண்டு தொல்லையும் இல்லை.

பிறகு ஏன் சார்ஜரில் இது இல்லை? கிடைக்கும் கரண்ட் சில பத்து மைக்ரோ ஆம்பியர்தான். உள்ளே போகும் சக்தியில் நூற்றில் ஒரு பங்குகூட வெளியே வராது. போனுக்கு அது எந்த மூலைக்கு! மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் கேட்டுக்கோ வோல்டேஜ் இருந்தால் போதும், கரண்ட் பெரிதாக வேண்டாம். அதனால் சாலிட் ஸ்டேட் ரிலேக்களில் இந்த உத்தி நன்றாகவே ஓடுகிறது.

எல்இடிக்குப் பதில் லேசரும், சிலிக்கனுக்குப் பதில் காலியம் ஆர்சனைடும் வந்தால் கதை வேறு. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிறுவனம் 2021-இல் லேசர் ஒளியில் 68.9 சதவீதத்தை மின்சாரமாக்கிக் காட்டியது. லேசரை எரிக்கச் செலவாகும் மின்சாரம் அந்தக் கணக்கில் சேராது என்பதை மறக்கக் கூடாது.

டிஎல்பி 191பி வாங்கிச் சோதிப்பதானால் எல்இடியோடு ரெசிஸ்டர் போடுங்கள். டிஜிட்டல் மீட்டரால் அளந்து பாருங்கள். பழைய முள் மீட்டர் அந்தச் சொற்பக் கரண்டையும் தானே இழுத்துக்கொண்டு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். இன்னொன்று: சார்ஜரைக் கழற்றிய பிறகும் அதன் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வெறும் கையால் தொடாதீர்கள்.