ஓட்டுநரில்லாக் கார்: இரண்டு பாடவேளைக்கு ஒரு கணக்கு

புதிய தொழில்நுட்பம் பற்றிப் பேச்சு எழுந்தால் மாணவர்கள் முதலில் கேட்பது, “அது எப்படி சார் ஓடுது?” என்பதுதான். அந்த ஆர்வத்தை, ‘அது வந்தால் ஊர் எப்படி மாறும்?’ என்ற கேள்வி வரை கொண்டுபோகலாம். ஒன்பதாம் வகுப்பில் ஓட்டுநரில்லாக் காரை எடுத்துக்கொண்டு இதைச் செய்துபார்த்தேன். திரையோ கணினியோ தேவைப்படவில்லை, கரும்பலகையே போதும்.

பின்னணி (10 நிமிடம்)

2004-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு, மொஹாவி பாலைவனத்தில் ஒரு போட்டி நடத்தியது. ஆள் ஓட்டாத வாகனங்கள் 200 கி.மீ.க்கு மேல் செல்ல வேண்டும். ஒன்றுகூட 12 கி.மீ.யைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டியில் ஐந்து வாகனங்கள் இலக்கை எட்டின. இன்று சான் பிரான்சிஸ்கோவில் பொதுமக்கள் கைப்பேசிச் செயலி வழியாக வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லா வாடகைக் காரை அழைக்கிறார்கள். கேமரா, ரேடார், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லிடார் ஆகியவை அதன் கண்கள்.

செயல்பாடு 1: கிலோமீட்டர் கணக்கு

வீட்டிலிருந்து அலுவலகம் 10 கி.மீ. என்று வைத்துக்கொண்டு, மூன்று குழுக்களுக்கு மூன்று நிலைகளைக் கொடுத்தேன்.

முதல் குழு: உரிமையாளரே ஓட்டிச் சென்று, காரை அங்கேயே நிறுத்தி, மாலையில் திரும்புகிறார். கார் ஓடும் தூரம் 20 கி.மீ.

இரண்டாம் குழு: ஓட்டுநரில்லாக் கார். நிறுத்தக் கட்டணத்தைத் தவிர்க்க, அவரை இறக்கிவிட்டு வெறும் காராக வீடு திரும்புகிறது. மாலையில் மீண்டும் போய் அழைத்து வருகிறது. 40 கி.மீ. அதில் பாதித் தூரம் காருக்குள் யாருமே இல்லை.

மூன்றாம் குழு: அதே ஓட்டுநரில்லாக் காரை ஒரே தெருவைச் சேர்ந்த நான்கு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். சுற்றிப் போவதால் ஒருவழித் தூரம் 12 கி.மீ. இருவழிக்கும் 24 கி.மீ. நால்வரும் தனித்தனிக் காரில் போனால் 80 கி.மீ.

மூன்று விடைகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதியதும் வகுப்பு சற்று அமைதியானது. ஒரே தொழில்நுட்பம், ஒரு வகையில் நெரிசல் கூடுகிறது, இன்னொரு வகையில் குறைகிறது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “நாப்பது பேர் ஏறுற டவுன் பஸ் இதைவிடக் கம்மியாத்தானே சார் ஓடுது?” என்றாள். நான் சொல்ல நினைத்திருந்ததை அவளே சொல்லிவிட்டாள்.

காலியாக ஓடும் காருக்குக் கட்டணம் விதிப்பதா, மிச்சமாகும் நிறுத்துமிடத்தை நடைபாதை ஆக்குவதா என்பதையெல்லாம் கார் முடிவு செய்வதில்லை. மாநகராட்சியும் அரசும் முடிவு செய்கின்றன. குடிமையியல் பாடத்தோடு இணைக்க இது நல்ல இடம்.

செயல்பாடு 2: சாலையைக் கடப்பவர் யார்?

2018-இல் அரிசோனா மாநிலத்தின் டெம்பே நகரில், சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கிக் கார் மோதி, இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். மோதுவதற்கு ஐந்து விநாடிகளுக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால், வாகனமா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. கடக்கும் கோடு இல்லாத இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பார் என்பதற்கு அதன் வடிவமைப்பில் இடமில்லை என்று விசாரணை அமைப்பு கண்டறிந்தது. காரில் இருந்த கண்காணிப்பாளரும் சாலையைக் கவனிக்கவில்லை.

இதைச் சொன்ன பிறகு, பள்ளி வாசலில் 15 நிமிடம் நின்று சாலையைக் கடப்பவர்களைக் குறித்து வரச் சொன்னேன். தலைச்சுமையோடு வந்தவர், ஆடுகள், தள்ளுவண்டி, கைகோத்து வந்த சிறுவர்கள் என்று பட்டியல் நீண்டது. டெல்லி மெட்ரோவில் 2020 முதலே ஓட்டுநரில்லா ரயில் ஓடுகிறது. கார் மட்டும் ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இந்தப் பட்டியலே விடை. ரயிலுக்குத் தனிப்பாதை, தெரு எல்லாருக்கும் பொது.

வேலை பற்றிய கேள்வி

“எங்கப்பா ஆட்டோ ஓட்டுறாரு சார். அவரு என்ன பண்ணுவாரு?” இந்தக் கேள்வி எந்த அரசுப் பள்ளி வகுப்பிலும் வரும். பயமுறுத்தவும் வேண்டாம், பொய்யாகத் தேற்றவும் வேண்டாம். ஓட்டுவதைத் தவிர அப்பா செய்யும் வேலைகளைப் பட்டியலிடச் சொன்னேன். பாட்டியைக் கைபிடித்து ஏற்றுவது, மூட்டையை இறக்குவது, பள்ளிப் பிள்ளைகளை வாசல்வரை விடுவது, பிரசவ வலி வந்தால் நள்ளிரவிலும் வருவது எனப் பதினொன்று தேறின.

ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் இத்தகைய கார்களை அனுமதிக்க மாட்டேன் என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் கூறினார். ‘தடுப்பது சரியா, மாற்று வேலைக்குப் பயிற்சி தருவது சரியா?’ என்று விவாதம் வைத்தோம். மணி அடித்த பிறகும் அது ஓயவில்லை.

மதிப்பீடு

‘உங்கள் ஊருக்கு ஓட்டுநரில்லா வாகனம் வந்தால் ஊராட்சி அல்லது நகராட்சி முதலில் போட வேண்டிய ஒரு விதி எது? ஏன்?’ ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். காரணம் சொல்லியிருக்கிறார்களா என்பதற்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள். எட்டாம் வகுப்பிலும் இதை நடத்தலாம். கிலோமீட்டர் கணக்கை மட்டும் படமாக வரையச் செய்யுங்கள்.